மெக்டஃபின் மனைவியை ஏன் நீக்கினீர்கள்? பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் குழுவினருக்கு,

நீங்கள் வெளியிட்டிருக்கும் ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகச் சுருக்கப் பதிப்பையும், ஆசிரியர்களுக்கு அனுப்பிய விடைக்குறிப்பையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இந்த நாடகத்தை வகுப்பில் நடத்துகிறேன், மாணவர்களை வைத்து மேடையும் ஏற்றுகிறேன். இரண்டு வகையிலும் உங்கள் பதிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. முதலில் தனியாகத்தான் எழுதினேன். "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி பதில் வந்தது. பரிசீலனை முடிவதற்குள் தேர்வு முடிந்து, தாள்களும் திருத்தப்பட்டுவிட்டன. அதனால்தான் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நாடகம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: நீ அரசனாவாய் என்று சூனியக்காரிகள் சொல்லக் கேட்ட ஸ்காட்லாந்துத் தளபதி மெக்பெத், அரசன் டங்கனைக் கொன்று அரியணை ஏறுகிறான். பாங்கோ அவன் நண்பன், மெக்டஃப் அவனை எதிர்த்துக் கடைசியில் கொல்லும் பிரபு. இனி உங்கள் பதிப்பில் இல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் அங்கத்தில் சூனியக்காரிகள் மறைந்ததும் பாங்கோ தன் நண்பனுக்குச் சொல்லும் எச்சரிக்கை இல்லை. கொலைக்கு முன் மெக்பெத் தனியாக நின்று பேசும் நீண்ட பேச்சு "மெக்பெத் சற்றுத் தயங்கினான்" என்று மூன்று சொல்லாகிவிட்டது. மூன்றாம் அங்கத்தில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் காட்சி இல்லை. நான்காம் அங்கத்தில் மெக்டஃபின் மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்படும் காட்சி முழுவதும் இல்லை. அந்தச் செய்தி மெக்டஃபுக்கு வந்து சேரும் இடமும் ஒரே வாக்கியமாகச் சுருங்கியிருக்கிறது. வாயிற்காவலனையும் காணோம். அவனுக்காக மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன், வருத்தப்பட்டுவிட்டு விட்டிருப்பேன்.

இவ்வளவையும் எடுத்துவிட்டுக் கடைசியில் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள்: "பேராசை பெருநட்டம்" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

நீளம் காரணம் என்றீர்கள். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே மிகச் சிறியது இதுதான். ஹாம்லெட்டின் நீளத்தில் ஏறக்குறைய பாதி. நீங்கள் நீக்கிய மெக்டஃப் வீட்டுக் காட்சி நூறு வரிக்கும் குறைவு. வன்முறை என்று இன்னொரு காரணமும் சொன்னீர்கள். சரி, பார்ப்போம். போர்க்களத்தில் மெக்பெத் ஒரு எதிரியைத் தொப்புளிலிருந்து தாடை வரை கிழித்தான் என்ற வருணனையை விட்டுவைத்திருக்கிறீர்கள். வெட்டப்பட்ட தலையோடு மெக்டஃப் வரும் இறுதிக் காட்சியும் அப்படியே இருக்கிறது. வீரர்கள் வெட்டிக்கொண்டால் மாணவர்கள் தாங்குவார்கள், ஒரு தாயும் பிள்ளையும் சாவதைத்தான் தாங்க மாட்டார்களா? எந்த அளவுகோலால் இதை முடிவு செய்தீர்கள் என்று புரியவில்லை.

என் குறை இடம் போதாமையைப் பற்றியதோ ரத்தத்தைப் பற்றியதோ இல்லை. ஒரு மனிதனின் பேரவா அவனையும் அவனைச் சுற்றியிருப்பவர்களையும் எந்த வழியாக அழிக்கிறது என்று காட்டும் காட்சிகளாகப் பார்த்து நீக்கியிருக்கிறீர்கள். அழிந்தான் என்ற முடிவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. முடிவை மட்டும் படிக்கும் மாணவன் என்ன கற்றுக்கொள்கிறான் என்று வகுப்பில் நேரில் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன்.

"மனைவி பேச்சைக் கேட்டுக் கெட்டான்." உங்கள் பதிப்பைப் படித்த மாணவர்களின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் இது. அவர்கள் மேல் தவறு இல்லை, உங்கள் விடைக்குறிப்பே அதைத்தான் சொல்கிறது. மெக்பெத்தின் வீழ்ச்சிக்கு யார் காரணம் என்ற கேள்விக்கு "சீமாட்டி மெக்பெத்தின் தூண்டுதல்" என்று எழுதினால் முழு மதிப்பெண். நூலகத்தில் முழு நாடகத்தையும் தேடிப் படித்த ஒரு மாணவி வேறு விதமாக எழுதினாள். காடார் பிரபுப் பட்டம் கிடைத்த செய்தி வந்த நிமிடமே கொலையின் காட்சி மெக்பெத்தின் மனதில் வந்துவிடுகிறது, மயிர்க்கூச்செறிகிறது என்று அவனே சொல்கிறான், அப்போது அவன் மனைவி மேடைக்கே வரவில்லை என்று எடுத்துக்காட்டினாள். அந்தக் கேள்விக்கு அவளுக்குக் கிடைத்தது பூஜ்யம். விடைக்குறிப்பில் இல்லாத விடை என்று காரணம் எழுதப்பட்டிருந்தது.

அந்த மாணவி எழுதியது சரி. அவள் மேலும் ஒரு சான்றைக் காட்டியிருக்கலாம். கொலைக்குச் சற்று முன் கணவன் பின்வாங்கும்போது, இந்தத் திட்டத்தை முதலில் தன்னிடம் எடுத்துச் சொன்னதே அவன்தான், அப்போது நேரமும் இடமும்கூட வாய்த்திருக்கவில்லை என்று மனைவி இடித்துக் காட்டுகிறாள். அவள் அவனைக் குத்திக் கிளறுகிறாள் என்பது உண்மைதான், அவளைக் குற்றமற்றவள் என்று நான் வாதாடவில்லை. ஆனால் நெருப்பு ஏற்கெனவே அங்கே இருந்தது.

சூனியக்காரிகளையும் இதே மாதிரிதான் பயன்படுத்தியிருக்கிறீர்கள். "சூனியக்காரிகள் அவனைக் கொலைக்குத் தூண்டினர்" என்கிறது உங்கள் சுருக்கம். அந்தச் சந்திப்பில் கொலை என்ற பேச்சையே அவர்கள் எடுப்பதில்லை. நீ அரசனாவாய் என்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கும் பாங்கோவும் ஒரு வாக்குப் பெறுகிறான்: அவன் வழியில் அரசர்கள் பிறப்பார்கள். இரண்டு பேர் காதிலும் ஆசை விழுகிறது, ஒருவன்தான் கத்தியை எடுக்கிறான். சின்ன உண்மைகளைச் சொல்லி நம்பவைத்துப் பெரிய விஷயத்தில் கவிழ்ப்பதுதான் இருட்டின் ஏவலர்களின் வழக்கம் என்று பாங்கோ அங்கேயே எச்சரிக்கிறான். அந்த வரிகள் போய்விட்டன. ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அந்தப் பழி நீங்கிவிடுகிறது. அன்றைய அரசர் முதலாம் ஜேம்ஸ் பாங்கோவின் வழிவந்தவராகக் கருதப்பட்டார், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காரணம் எதுவானாலும் நாடகத்துக்கு அதனால் கிடைத்தது பெரியது: அதே வாக்கைக் கேட்டும் கொலை செய்யாத ஒரு மனிதன் மேடையில் நிற்கிறான். 'விதி' என்று சொல்லி மெக்பெத் தப்பிக்க முடியாது.

இப்போது அந்தத் தனிமொழிக்கு வருகிறேன், 'சற்றுத் தயங்கினான்' என்று நீங்கள் முடித்துவிட்டதற்கு. அங்கே மெக்பெத் வழக்கறிஞரைப் போலத் தனக்கு எதிராகத் தானே வாதாடுகிறான். டங்கன் என் உறவினன், என் அரசன். அதற்கும் மேல் இன்று என் விருந்தாளி, கொலைகாரனுக்குக் கதவடைக்க வேண்டிய நானே கத்தியை எடுப்பதா? நல்லவன், அதிகாரத்தைப் பணிவோடு கையாண்டவன். ரத்தப் பாடம் கற்றுக்கொடுத்தவனிடமே அந்தப் பாடம் திரும்பி வரும். இத்தனையும் சொல்லிவிட்டு, என்னை முடுக்கும் தாற்றுக்கோல் வேறு எதுவும் இல்லை, அளவுக்கு மீறி எகிறி மறுபக்கம் போய் விழும் பேரவா மட்டும்தான் என்கிறான். ஒத்திகையில் இந்தப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்த மாணவன் நடுவில் நிறுத்திவிட்டு, "எல்லாம் தெரிந்தேதான் செய்கிறானா?" என்று கேட்டான். முகம் மாறிவிட்டது. அந்தக் கேள்வி ஒரு மாணவனுக்கு வந்துவிட்டால் நாடகம் பாதி புரிந்துவிட்டது என்பேன். அறியாமையால் கெடுபவனை நாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இருக்கும் நியாயங்களையெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு அவற்றைத் தாண்டிப் போகிறவனைப் பார்க்கிறோம்.

அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில், முழுக் கெட்டவன் ஒருவன் வீழ்வதைப் பார்த்தால் நமக்கு இரக்கமும் வராது, அச்சமும் வராது என்கிறார். நம்மைப் போன்ற ஒருவன் வீழும்போதுதான் பயம் வருகிறது. உங்கள் சுருக்கத்தில் இருப்பது முழுக் கெட்டவன். மாணவர்கள் அவனைப் பார்த்துப் பயப்படவில்லை. "நான் அப்படி இல்லை" என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

கொலை நடந்த பிறகு ஒன்று நடக்கிறது. எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் முக்கியமாகத் தோன்றுவது அதுதான். தன்னைத் தடுக்கக்கூடியவர்களை மெக்பெத் ஒவ்வொருவராக இழக்கிறான் அல்லது விலக்குகிறான். மனசாட்சி முதல் அங்கத்தில் தோற்றுவிட்டது. எச்சரித்த நண்பன் பாங்கோவை ஆள் வைத்துக் கொல்கிறான். அந்தத் திட்டத்தில் மனைவிக்குப் பங்கே இல்லை. என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பவளிடம், நீ அறியாதவளாகவே இரு, முடிந்ததும் பாராட்டினால் போதும் என்று கொஞ்சலாகச் சொல்லிவிடுகிறான். மூன்றாம் அங்கத்தில் நீங்கள் நீக்கிய காட்சி இதுதான். அது இருந்திருந்தால் 'மனைவிதான் காரணம்' என்ற உங்கள் விடை அங்கேயே உடைந்திருக்கும். அப்புறம் நான்காம் அங்கம். மெக்டஃப் தப்பி இங்கிலாந்துக்குப் போய்விட்டான் என்று கேட்டதும், இனி மனதில் முதலில் தோன்றுவதைக் கை உடனே செய்யும் என்கிறான் மெக்பெத். ஆரம்பத்தில் நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே ஒரு முழுத் தனிமொழி அளவுக்கு இடைவெளி இருந்தது. இப்போது மூச்சு விடும் நேரம்கூட இல்லை. இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும் என்ற குறளை இதே மாணவர்கள் இன்னொரு வகுப்பில் மனப்பாடம் செய்கிறார்கள். அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்? கிடைத்ததையும் வெட்டிவிட்டோம்.

அடுத்த காட்சியே மெக்டஃபின் வீடு.

அந்தக் காட்சியில் அரியணைக்கு ஆசைப்படுபவர் யாரும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட கணவன் மேல் கோபமாக இருக்கும் ஒரு பெண்ணும், அவளைச் சீண்டிக்கொண்டே பேசும் சிறுவனும் இருக்கிறார்கள். பொய் சொல்பவர்களை யார் தூக்கிலிடுவது என்று அவன் கேட்க, யோக்கியர்கள் என்கிறாள் அம்மா. அப்படியானால் பொய்யர்கள் முட்டாள்கள், யோக்கியர்களை அடித்துத் தூக்கிலிடும் அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை இருக்கிறதே என்கிறான் பிள்ளை. பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் மேடையேற்றங்களில் இந்த இடத்தில் சிரிப்பு வராமல் போனதே இல்லை. ஓடிவிடு என்று ஒருவன் வந்து எச்சரிக்கிறான். எங்கே ஓடுவது, நான் ஒரு தீங்கும் செய்யவில்லையே என்கிறாள் அவள். கொலைகாரர்கள் வந்துவிடுகிறார்கள். அப்பனைத் துரோகி என்றவனைப் பொய்யன் என்று திட்டிய சிறுவன் முதலில் விழுகிறான். சாகும்போது அம்மாவை ஓடச் சொல்கிறான்.

இந்தக் கொலையால் மெக்பெத்துக்குக் கிடைப்பது என்ன? ஒன்றும் இல்லை. அரியணை ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது, மெக்டஃப் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறான். லாபக் கணக்கே இல்லாத கொலை. ஆசை ஒரு கட்டத்துக்குப் பிறகு தன் இலக்கையே மறந்துவிடும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. அந்தப் போட்டியில் இல்லாதவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதையும் இந்தக் காட்சிதான் சொல்கிறது. இதை நீக்கிவிட்டு "பேராசை பெருநட்டம்" என்றால், யாருக்கு நட்டம் என்று ஒரு மாணவன் கேட்க மாட்டானா? உங்கள் பதிப்பில் அதற்குப் பதில் மெக்பெத்துக்கு என்பது மட்டும்தான்.

இதன் பின்விளைவுகளும் இருக்கின்றன. "மெக்டஃபுக்கு ஏன் திடீரென்று இவ்வளவு வெறி?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். இங்கிலாந்துக் காட்சியில் செய்தி வந்து, குழந்தைகளுமா, எல்லோருமா என்று அவன் மறுபடி மறுபடி கேட்கும் இடம் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வராமல் என்ன செய்யும்? ஆண்பிள்ளையாக இதை எதிர்கொள் என்கிறான் டங்கனின் மகன் மால்கம். எதிர்கொள்வேன், ஆனால் ஆண்பிள்ளையாக இதை உணரவும் வேண்டும் என்கிறான் மெக்டஃப். "துணிந்தபோது ஆணாக இருந்தாய்" என்று சொல்லித்தான் சீமாட்டி மெக்பெத் தன் கணவனைக் கொலைக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு இந்தப் பதிலை நீக்கிவிட்டீர்கள். பதின்வயதுப் பையன்கள் படிக்கும் புத்தகத்தில்!

தூக்கத்தில் நடக்கும் காட்சியும் இதனால் ஊனமாகிவிட்டது. ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, அவள் இப்போது எங்கே என்று சீமாட்டி மெக்பெத் புலம்புகிறாள். ஃபைஃப் பிரபு என்பது மெக்டஃப்தான். உங்கள் பதிப்பில் அந்த வரி மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. அந்த மனைவி யார் என்று மாணவர்களுக்குத் தெரியாது.

பாத்திரத்தின் பேச்சை வைத்துக்கொண்டு அதற்கு வரும் பதிலை நீக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸின் 'ஃபினீஷியப் பெண்கள்' நாடகத்தில் அரசுக்காக இரண்டு சகோதரர்கள் மோதுகிறார்கள். அதிகாரத்துக்காக நட்சத்திரங்கள் உதிக்கும் இடத்துக்கும் பூமிக்கு அடியிலும் போவேன், அறம் தவற வேண்டுமானால் அரசுக்காகத் தவறுவதே சிறந்தது என்கிறான் எடியோகிளீஸ். தாய் யோகாஸ்டா அவனுக்குப் பதில் சொல்கிறாள்: தெய்வங்களிலேயே மிகக் கொடியவளான பேரவாவை ஏன் பின்தொடர்கிறாய், மகனே? நல்ல வீடுகளிலும் நகரங்களிலும் அவள் நுழைந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டவர்களை அழித்துவிட்டுத்தான் வெளியேறியிருக்கிறாள். இருளும் சூரியனும்கூட ஆண்டைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றனவே, உன்னால் முடியாதா? அவன் கேட்கவில்லை. சகோதரர்கள் ஒருவரையொருவர் கொல்கிறார்கள், அந்த உடல்களின் மேலேயே தாயும் உயிரை விடுகிறாள். ஜூலியஸ் சீசர் இந்த நாடகத்திலிருந்து அடிக்கடி மேற்கோள் காட்டுவாராம், அவர் காலத்து ரோமச் சொற்பொழிவாளர் சிசரோ எழுதியிருக்கிறார். எந்த வரிகள் தெரியுமா? எடியோகிளீஸின் அறம் தவறும் வரிகள். ரோமக் குடியரசுக்கு என்ன ஆனது என்பதை உங்கள் வரலாற்றுப் பாடநூலே சொல்லும்.

இன்னொரு கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' கி.மு. 472இல் அரங்கேறியது. சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களைக் கிரேக்கர்கள் வென்று எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வென்றவர்களின் ஊரில், தோற்றவர்களின் அரண்மனையில் நடக்கும் நாடகம். கடலுக்கே பாலம் கட்டி அடக்க நினைத்த பாரசீக அரசன் செர்க்சிஸ் கடைசியில்தான் கிழிந்த உடையோடு வருகிறான். அதுவரை நாம் கேட்பது இறந்தவர்களின் பெயர்களை. அவன் ஏன் கிளம்பினான் என்பதற்கு அவன் தாய் ஒரு காரணம் சொல்கிறாள்: உன் தந்தை ஈட்டியால் செல்வம் சேர்த்தார், நீ வீட்டுக்குள்ளேயே வீரம் காட்டுகிறாய் என்று கெட்ட சகவாசம் அவனைச் சீண்டியது. ஷேக்ஸ்பியருக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதே சீண்டல், அதே விளைவு. இறந்தவர்களைப் பெயர் சொல்லி அழும் வேலையை அப்போதே துன்பியல் நாடகம் தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டது. நீங்கள் அந்த வேலையைத்தான் அதனிடமிருந்து பிடுங்கியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அதே பாடநூலில் சில பக்கங்கள் தள்ளி 'சிகரம் தொடு' என்ற பாடம். எல்லையே இல்லாமல் ஆசைப்படு, யார் தடுத்தாலும் நிற்காதே என்கிறது. இங்கே 'இருப்பதைக் கொண்டு திருப்தி அடைக' என்று விடைக்குறிப்பு. மாணவர்கள் இரண்டையும் எழுதி இரண்டுக்கும் மதிப்பெண் வாங்கிக்கொள்கிறார்கள், எதையும் நம்புவதில்லை. மெக்பெத் ஆசைப்பட்டான் என்பது அல்ல இந்த நாடகத்தின் சிக்கல். போரில் வென்றவன் உயர்வை எதிர்பார்ப்பதில் என்ன குற்றம்? தன்னைத் தடுத்த குரல்களை அவன் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. 'யார் தடுத்தாலும் நிற்காதே' என்று நீங்களே சொல்லிக்கொடுக்கும் புத்தகத்தில் இந்த நாடகம் முழுதாக இருந்தாக வேண்டும்.

ஆகவே கேட்கிறேன்.

நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சியை, மெக்டஃபின் மனைவியும் மகனும் வரும் காட்சியை, அடுத்த பதிப்பில் முழுமையாகச் சேருங்கள். இடம் இல்லை என்றால் வாள்சண்டைகளைக் குறையுங்கள். பாங்கோவின் எச்சரிக்கை, முதல் அங்கத்தின் இறுதித் தனிமொழி, மூன்றாம் அங்கத்தில் கணவன் மனைவியிடம் மறைக்கும் உரையாடல், மெக்டஃப் துக்கச் செய்தி கேட்கும் இடம் ஆகிய நான்கும் ஷேக்ஸ்பியரின் வரிகளாகவே வரட்டும், உங்கள் சுருக்க வாக்கியங்களாக வேண்டாம்.

"சீமாட்டி மெக்பெத்தின் தூண்டுதல்" என்ற ஒற்றை விடையைத் திரும்பப் பெறுங்கள். நாடகத்திலிருந்து சான்று காட்டி எழுதப்பட்ட எந்த விடைக்கும் மதிப்பெண் உண்டு என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்தக் கேள்விக்குப் பூஜ்யம் பெற்றவர்களின் தாள்களை மறுமதிப்பீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள்.

கடைசியில் உள்ள அந்தத் தடித்த எழுத்து வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் யோகாஸ்டாவின் பேச்சை மொழிபெயர்த்துப் போடலாம், அரைப் பக்கம் போதும்.

நீக்கிய காட்சிகளுக்கு அரும்பொருள் குறிப்பும் ஒத்திகைக் குறிப்பும் எழுதித்தர நான் தயார், ஊதியம் வேண்டாம். இந்த நாடகத்தை நடத்தும் மற்ற ஆசிரியர்களையும் குழு கூட்டத்துக்கு அழைத்துக் கேளுங்கள். உங்கள் முடிவை, மறுப்பாகவே இருந்தாலும், காரணத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன் அது என் கையில் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாடகம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்